சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி: பராமரிப்பு, சிக்கனம், பாதுகாப்பு

சிங்கப்பூரில் காரை வாங்கும்போதே அதன் ஆயுளும் எழுதப்பட்டுவிடுகிறது. 1990ஆம் ஆண்டு வாகன ஒதுக்கீட்டு முறை வந்ததிலிருந்து, வாகன உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இங்கே ஒரு கார் பதிவாகாது. அந்தச் சான்றிதழ் செல்லுபடியாவது பத்து ஆண்டுகளுக்கு. அதற்குக் கொட்டிக்கொடுத்த பணத்தை நினைத்தால் காரைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கத்தான் தோன்ற வேண்டும். நடப்பதோ வேறு. எச்சரிக்கை விளக்கு எரியும்வரை பானட்டைத் திறந்து பார்க்காதவர்கள் நம்மில் ஏராளம்.

இந்தத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, தேக்காவில் காய்கறி வாங்குவது, செங்காங்கிலிருந்து அலுவலகம் போய் வருவது என்று நம் கார்கள் குறுகிய தூரமே ஓடுகின்றன. மீதி நேரமெல்லாம் வெயிலிலோ பலமாடி கார் நிறுத்துமிடத்திலோ சும்மா நிற்கின்றன. கொஞ்சமாக ஓடும் கார் கொஞ்சமாகத்தான் தேயும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இயந்திர விஷயத்தில் இது பாதிதான் உண்மை. நம் ஊர் வெப்பமும் ஈரமும் நின்றுகொண்டிருக்கும் காரையும் தின்கின்றன. ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஓடிய தூரத்தைப் பார்ப்பதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள்.

முதல் படி: கையேட்டை வெளியே எடுங்கள்

முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படாமல் கிடக்கும் அந்தப் புத்தகம்தான் மிகச் சிறந்த ஆலோசகர். தொலைந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் கிடைக்கும். அதில் மூன்று விவரங்களைத் தேடி கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: இஞ்சின் எண்ணெயின் தரம், தேவையான பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் எண், பராமரிப்பு அட்டவணை.

அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று சாதாரணப் பயன்பாட்டுக்கு, மற்றது கடினமான பயன்பாட்டுக்கு. கடினம் என்றதும் பாலைவனமும் மலைப்பாதையும் நினைவுக்கு வரும். கையேட்டைப் படித்தால், அடிக்கடி நின்று நின்று செல்லும் குறுந்தூரப் பயணமும் அதிக வெப்பமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் காணலாம். மாலை ஆறு மணிக்கு மத்திய விரைவுச்சாலையில் ஊர்ந்துசெல்பவர் எந்தப் பட்டியலைப் பின்பற்ற வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் படி: டயர்

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்க முடியும் என்றால் முழுவதையும் டயருக்கே கொடுத்துவிடுங்கள். நான்கு உள்ளங்கை அகலமுள்ள ரப்பர்தான் உங்கள் குடும்பத்தைச் சாலையோடு பிணைத்து வைத்திருக்கிறது. மற்ற பாகங்கள் கெட்டால் பணம் போகும், டயர் கைவிட்டால் உயிரே போகலாம்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். காலையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடத்திலிருந்து இறங்கி, இரண்டொரு கிலோமீட்டருக்குள் உள்ள பெட்ரோல் நிலையத்துக்குப் போனால் போதும். அங்கே இலக்க முறைக் காற்றடிக்கும் கருவி இலவசமாகவே இருக்கும். எவ்வளவு வைப்பது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிட்டையில் எழுதியிருக்கிறது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று, முழுச் சுமை ஏற்றினால் வேறொன்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மழைநாளில் பிடிமானம் குறையும், டயரின் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும்.

ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும் காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைவது இயல்பு. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் 33 இருந்த இடத்தில் 27 இருக்கும். அத்தகைய டயர் உருளும்போது அதிகம் நசுங்குகிறது, சூடாகிறது, கூடுதல் பெட்ரோலைக் கேட்கிறது. டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கை நம்பி இருக்காதீர்கள். அழுத்தம் கணிசமாக இறங்கிய பிறகே அது எரியும்.

அடுத்து, தேய்மானம். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த எல்லையைத் தொட்டாயிற்று என்று பொருள். ஆனால் இது அபராதத்திலிருந்து தப்பும் எல்லை. நம் ஊர் மழைக்கு அது போதாது. பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது, ஆழம் 3 மில்லிமீட்டருக்கு இறங்கும்போதே அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் 3 மில்லிமீட்டரில் நிற்கும் டயரை மாற்றிவிடுவதே என் வழக்கம். அதில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

தேய்ந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர நேர்த்தி கெட்டிருக்கிறது. பக்கவாட்டில் கைவைத்துத் தடவிப் பாருங்கள். பலமாடி நிறுத்துமிடங்களின் வளைந்த ஏற்றப் பாதைகளில் விளிம்புக்கல்லை உரசாத கார் அபூர்வம். உரசல் பரவாயில்லை, ஆனால் பக்கவாட்டில் சிறு உப்பல் தெரிந்தால் உள்ளே நார் அறுந்திருக்கிறது. அந்த டயரை அன்றே மாற்றுங்கள்.

அதிகம் ஓடாதவர்களுக்கு இன்னொன்று. பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் தொகுதியின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் வெயிலில் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கலாம். ஐந்தாறு ஆண்டுகளான டயரைத் தேர்ந்த கண் ஒன்றிடம் காட்டுவது நல்லது. புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மூன்றாம் படி: பானட்டைத் திறந்து

கார் சமதரையில் நிற்கட்டும். இஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் எண்ணெய் படிந்திருந்தால் சரி. கறுத்திருக்கிறதே என்று பதறாதீர்கள், உழைக்கும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். மோர் போல வெளுத்து நுரைத்திருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும், நீர் கலந்திருக்கிறது.

குறுந்தூரப் பயணத்தின் கேடு இங்கேதான் தெரியும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கிறது. நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் ஆவியாகிவிடும். மூன்று கிலோமீட்டர் ஓடி நிறுத்திவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி எண்ணெயைக் கெடுக்கிறது. ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடினேன், எண்ணெய் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவருக்கு இதுதான் பதில். கையேட்டில் தூரமும் மாதமும் சேர்த்தே குறிக்கப்பட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதன்படி மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் தடையில்லாமல் ஓட்டுங்கள். ஈசூனிலிருந்து கிழக்குக் கடற்கரைவரை ஒரு ஞாயிறு காலை போய் வந்தால் உங்களுக்கும் நல்லது, இஞ்சினுக்கும் நல்லது.

இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டி வெளிப்புறமே தெரியும். அளவு குறிகளுக்கு இடையே இருந்தால் போதும். இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. அளவு அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றிக்கொண்டே இருப்பதால் கசிவு நிற்காது.

பிரேக் திரவத்தைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்குகிறது. தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது திரவத்தில் ஆவிக்குமிழ்கள் தோன்றினால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். எவ்வளவு குறைவாக ஓடினாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிரேக் பேடின் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றும் வேளை. மிதிக்கும்போது உலோகக் கீச்சொலி தொடர்ந்து கேட்டால் பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு உரசுகிறது என்று கொள்ளலாம். மழைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று மிதிகளில் வரும் கரகரப்பு வட்டில் படிந்த மெல்லிய துரு, அது தானே போய்விடும்.

மின்கார் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. டயர், பிரேக் திரவம், ஏசி வடிகட்டி, 12 வோல்ட் சிறு பேட்டரி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. மின்காரின் கனம் அதிகம் என்பதால் டயர் இன்னும் வேகமாகத் தேயும்.

நான்காம் படி: பேட்டரி

பேட்டரியைக் கொல்வது குளிர் என்று குளிர்நாட்டார் சொல்வார்கள். இங்கே அந்த வேலையை வெப்பம் செய்கிறது. பானட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுவது சாதாரணம். இஞ்சின் சோம்பலாகச் சுழன்று உயிர்பெறுவது, விளக்கு மங்குவது ஆகியவை முன்னறிவிப்புகள். நிற்கும் காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2க்குக் கீழே போனால் பாதிதான் மிச்சம். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இல்லையென்றால் குற்றம் மின்னாக்கியில் (ஆல்டர்னேட்டர்) இருக்கலாம். அப்போது பேட்டரியை மாற்றுவது வீண்செலவு.

டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள் அதிகம். திரும்பி வந்து விமான நிலையக் களைப்போடு சாவியைத் திருகினால் கார் வாய் திறக்காது. நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை அரைமணி ஓட்டச் சொல்லலாம். அவர் பெயரும் காப்பீட்டில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே போய் ஐந்து நிமிடம் இஞ்சினை முடுக்கிவிட்டு அணைப்பது பயனற்றது. அந்த நேரத்தில் பேட்டரிக்குப் போதிய மின்சாரம் ஏறாது. தவிர, நிறுத்திய காரில் இஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

வேறொரு காரிலிருந்து மின்சாரம் வாங்கும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் நேர்முனையில் மாட்டி, பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, மறுமுனையைச் செத்த காரின் இஞ்சினில் வண்ணம் பூசாத உலோகத்தில் பிடிப்பியுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ். கடைசி இணைப்பைப் பேட்டரிக்குத் தள்ளி வைப்பது, அங்கே பறக்கும் பொறி பேட்டரியிலிருந்து கசியும் வாயுவைப் பற்றவைக்காமல் இருப்பதற்காக.

ஐந்தாம் படி: கண்ணாடியும் ஏசியும்

வைப்பர் ரப்பர் வெயிலில் இறுகிவிடும். கண்ணாடியில் கோடு விழுந்தாலோ தடதடத்தாலோ மாற்றுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது. விலை அற்பம்.

மழைநாளில் கண்ணாடி மூடுபனி போட்டால் உடனே துணியை எடுத்துத் துடைப்பவர்கள், பனி எந்தப் பக்கம் என்று முதலில் கவனிக்க வேண்டும். உட்புறம் என்றால், வெளிக்காற்று வரும்படி வைத்து ஏசியைக் கண்ணாடிமேல் வீசச் செய்யுங்கள்; சில நொடிகளில் விலகும். வெளிப்புறம் என்றால் ஏசி கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர்வித்திருக்கிறது. வைப்பரை ஒருமுறை ஓட்டிவிட்டு ஏசியின் வெப்பநிலையைக் கூட்டி, காற்றை வேறு பக்கம் திருப்புங்கள். இரண்டாவதற்கு முதலாவதன் வைத்தியத்தைச் செய்தால் பனி இன்னும் கெட்டியாகும்.

ஏசியில் புழுக்க நாற்றம் வந்தால் வாசனைக் குப்பி தொங்கவிடுவதில் பயனில்லை. உட்புற வடிகட்டியை மாற்றுங்கள். வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் உலர்ந்து பூஞ்சை பிடிக்காது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் எல்லாச் சன்னல்களையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள். அதன் பிறகு ஏசி குறைந்த உழைப்பில் குளிர்விக்கும்.

கழுவும் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறவை எச்சத்தையும் மரப்பிசினையும் அன்றன்றே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் வண்ணத்தை அரிக்கும். ஆயுத பூசைக்குக் கோயிலுக்குக் காரைக் கொண்டு செல்பவர்கள் சந்தனமும் குங்குமமும் இடும்போது முன்கண்ணாடியின் மேல்நடுவையும் முன்பின் கேமராக்களையும் உணரிகளையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். அவசரகாலத்தில் தானாக பிரேக் பிடிக்கும் கருவியின் கண் பல கார்களில் அங்கேதான் இருக்கிறது.

ஆறாம் படி: பட்டறை

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி, அங் மோ கியோ என்று பட்டறைகள் குவிந்திருக்கும் இடங்களுக்குப் போனால் ஒரே வேலைக்குப் பல விலை கேட்கும். உத்தரவாதக் காலத்தில் உள்ள காரை வெளிப் பட்டறைக்குக் கொண்டு போகுமுன் உத்தரவாத நிபந்தனையைப் படித்துவிடுங்கள். பிறகு நல்ல பட்டறையை அடையாளம் காண எளிய வழி உண்டு: கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் காட்டுகிறவரிடம் திரும்பப் போகலாம்.

“சத்தம் வருகிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், இடப்பக்கம் திரும்பும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, காலையில் முதல் முறை மட்டுமா என்று சொன்னால் தேடும் நேரம் குறையும், கூலியும் குறையும். மதிப்பீட்டை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கையேட்டில் இல்லாத ‘சுத்திகரிப்பு’ எதையாவது விற்க முயன்றால், அதற்கான பக்கத்தைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஏழாம் படி: பெட்ரோல் கணக்கு

நிலையத்தில் 92, 95, 98 என்று ஆக்டேன் எண்கள் நிற்கும். எண் கூடக்கூடத் தரமும் கூடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றிப் போயிருக்கிறது. அந்த எண் பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. சக்தியின் அளவு வேறு. உங்கள் இஞ்சின் 95 கேட்டால் 95 ஊற்றுங்கள். 98 கேட்கும் இஞ்சினுக்கு 98. வரியிலும் வித்தியாசம் உண்டு: 2021 பிப்ரவரி முதல் 98க்கும் அதன் மேலுள்ளவற்றுக்கும் லிட்டருக்கு 79 காசு, 92க்கும் 95க்கும் 66 காசு. பட்டியல் விலையை முழுதாகக் கொடுப்பவர் குறைவு. கடன் அட்டைக் கழிவையும் நிலையத்தின் உறுப்பினர் கழிவையும் கழித்தபின் வரும் விலையை ஒப்பிடுங்கள்.

உங்கள் கார் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, தொட்டியை நிரப்பி, தூரமானியைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஊற்றிய லிட்டரை ஓடிய தூரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 450 கிலோமீட்டருக்கு 36 லிட்டர் என்றால் நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர். இந்த எண் காரணமில்லாமல் ஏறினால் டயரிலோ பிரேக்கிலோ காற்று வடிகட்டியிலோ ஏதோ கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

எட்டாம் படி: காலும் கண்ணும்

சிக்கனமாக ஓட்டுவதும் பாதுகாப்பாக ஓட்டுவதும் ஒரே பழக்கம்தான். தொலைவில் பார்த்து ஓட்டுபவர் பிரேக்கைக் குறைவாக மிதிப்பார். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்கிய வேகம் வெப்பமாகக் கரைகிறது.

முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுங்கள். கியரில் உருளும் நவீன இஞ்சினில் பெட்ரோல் செலுத்துவது ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலுக்கு மாற்றினால் இஞ்சினை ஓடவைக்கப் பெட்ரோல் வேண்டும், கட்டுப்பாடும் குறையும். பாதசாரி விளக்கில் இறங்கிக்கொண்டே வரும் நொடிக்கணக்கைப் பார்த்து உங்கள் விளக்கு மாறப்போவதை ஊகிக்கலாம். மூன்று நொடி காட்டும்போது முடுக்கிப் பாய்வது சந்திப்புக் கேமராவுக்கு உண்டியல் போடுவது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தைவிட 90இல் கால்பங்குக்கும் மேல் கூடுதல் எதிர்ப்பு. தீவு விரைவுச்சாலையில் தடம் மாறி மாறிப் பாய்ந்தாலும் மிச்சமாவது இரண்டொரு நிமிடம்தான், அடுத்த வெளியேறும் வழியின் விளக்கில் எல்லாரும் பக்கத்தில் வந்து நிற்பார்கள். வேகமீறலுக்கான அபராதமும் குற்றப்புள்ளியும் 2026 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்டிருக்கின்றன. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநீக்கம்; புதிதாக உரிமம் பெற்றவருக்கு முதலாண்டில் 13 புள்ளியிலேயே உரிமம் பறிபோகும்.

இடைவெளியை மீட்டரில் கணக்கிட வேண்டாம். முன்கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதைத் தாண்ட இரண்டு நொடி ஆக வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கைப்பேசியை இரண்டு நொடி குனிந்து பார்த்தால் 50 மீட்டர் குருடாகப் போயிருக்கிறீர்கள். இடைவெளி விட்டால் வேறொருவர் புகுந்துவிடுகிறாரே என்ற புகார் நியாயமானதுதான். புகட்டும், மறுபடி கொஞ்சம் பின்வாங்குங்கள்.

அதிகாலையிலும் மாலையிலும் உட்லண்ட்ஸ், துவாஸ் பக்கச் சாலைகளில் தடங்களுக்கு நடுவே மோட்டார்சைக்கிள்கள் வரிசையாக வரும். தடம் மாறுமுன் கண்ணாடியைப் பார்த்தபின் தோளுக்கு மேலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பள்ளி வட்டாரங்களில் விளக்கு மினுக்கும்போது எல்லை 40 கிலோமீட்டர்.

பாட்டி மடியில் குழந்தை உட்கார்ந்து வருவது நம் குடும்பங்களில் பாசத்தின் அடையாளம். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குத் தகுந்த இருக்கை வேண்டும் என்பது சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மோதலின்போது பத்துக் கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒன்பதாம் படி: மழை

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களே வழுக்கல் மிகுந்தவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரில் மிதக்கும். முகப்பு விளக்கைப் போடுங்கள், இடைவெளியை நான்கு நொடியாக்குங்கள். நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டபடி ஓடுவது நம் விரைவுச்சாலைகளில் ஒரு தொற்று. அப்போது நீங்கள் தடம் மாறப்போவதைப் பின்னால் வருபவர் அறிய வழியில்லை. நின்றிருக்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்றும் தெரியாது.

ஸ்டீயரிங் திடீரென இலேசாகிவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கிறது. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். தேங்கிய நீரின் ஆழம் தெரியவில்லையென்றால் இறங்க வேண்டாம். 30 சென்டிமீட்டர் நீரே பல கார்களைத் தூக்கி மிதக்க வைக்கும். நீருக்குள் இஞ்சின் அணைந்துவிட்டால் மறுபடி முடுக்கவே முடுக்காதீர்கள். உள்ளே போன நீரை பிஸ்டன் அமுக்க முடியாமல் அதன் தண்டு வளைந்துபோகும். பெரும்பாலும் அத்தோடு இஞ்சினின் கதை முடிந்தது.

பத்தாம் படி: வழியில் நின்றால், மோதினால்

விரைவுச்சாலையில் கார் கெட்டால் இடதோரத்துக்குக் கொண்டுவந்து, நான்கு விளக்குகளையும் போட்டு, எல்லாரும் இடப்பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். காருக்குள்ளேயோ பின்னாலேயோ நிற்காதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம்வரை கட்டணமின்றி இழுத்துச் சென்றுவிடும்.

விபத்தென்றால் காயப்பட்டவருக்கு 995. அதன் பிறகு வண்டிகளின் நிலை, பதிவெண், சாலை எல்லாவற்றையும் படமெடுங்கள். உரசல் அற்பமானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், ஐந்தாண்டு ஒழுங்காக ஓட்டிச் சேர்த்த 50 விழுக்காட்டுக் காப்பீட்டுக் கட்டணக் கழிவுக்கே ஆபத்து வரலாம். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பதினோராம் படி: பாலத்தைத் தாண்டி

சிங்கப்பூர்ப் பதிவுள்ள கார் தரைவழியே வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவில் வெளிநாட்டுக் கார்களுக்கு ரோன் 95 (ஆக்டேன் 95 பெட்ரோல்) விற்கத் தடை, 97 ஊற்றலாம். மலேசிய வாகன நுழைவு அனுமதியும் வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது கண்டிப்பாகச் செயல்படுத்தப்படுகிறது.

தைப்பூசத்துக்குப் பத்துமலைவரை குடும்பத்தோடு போவதென்றால் 350 கிலோமீட்டர் சொச்சம், முழுச் சுமை, வெயில். ஆண்டு முழுவதும் குறுந்தூரம் ஓடிய கார் தன் பலவீனத்தை அன்றுதான் காட்டும். முதல் நாள் டயரில் முழுச் சுமைக்கான காற்றை அடியுங்கள், கூலன்ட்டைப் பாருங்கள், மாற்று டயர் இருக்கிறதா என்று பின்பெட்டியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். பல புதிய கார்களில் டயருக்குப் பதில் ஒட்டுத் திரவக் குப்பி மட்டுமே இருக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் எல்லையில் காற்றெதிர்ப்பு 80இல் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு. பெட்ரோல் முள் இறங்கும் வேகம் பழக்கமில்லாதவருக்கு அதிர்ச்சியாக இருக்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தேநீர் குடியுங்கள்.

கடைசிப் படி: சோதனையும் பத்தாம் ஆண்டும்

மூன்று ஆண்டு நிரம்பிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டு கடந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. எரியாத பின்விளக்கு, தேய்ந்த டயர், அளவுக்கு மீறிக் கறுத்த கண்ணாடித்தாள் ஆகியவற்றை முந்தின நாளே வீட்டில் பார்த்துவிடலாம். முன்கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 விழுக்காட்டு ஒளியை உள்ளே விட வேண்டும், பின்பக்கச் சன்னல்களுக்கு 25. புகைச் சோதனைக்கு நேராக வீட்டிலிருந்து போகாமல் இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

எட்டாம் ஆண்டு நெருங்கும்போது, காரின் பதிவை நீக்குவதா சான்றிதழைப் புதுப்பிப்பதா என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். பதிவை நீக்கும்போது கிடைக்கும் கழிவு காரின் வயதையும் நீங்கள் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் பொறுத்தது. பளபளப்புக்கு அங்கே மதிப்பில்லை. அழிக்கப்போகும் காருக்கு வண்ணம் பூசுவதும் இருக்கை உறை மாற்றுவதும் வீண். பிரேக், டயர், ஸ்டீயரிங் மூன்றிலும் மட்டும் கடைசி நாள்வரை சிக்கனம் பார்க்காதீர்கள். சான்றிதழைப் புதுப்பிப்பதாக இருந்தால் அந்தக் கழிவு போய்விடும்; பத்து ஆண்டைக் கடந்த காருக்குச் சாலை வரியில் 10 விழுக்காடு தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காடுவரை கூடுதல் கட்டணமும் உண்டு. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் மறுமுறை புதுப்பிக்க வழியில்லை. அதனால் ஒன்பதாம் ஆண்டின் இறுதியில் நான்கு புது டயர் வாங்கப் போகுமுன், சான்றிதழில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற விலையில் வாங்குங்கள்.